தீவுக்குள் அடுத்து வரப்போவது எது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். இலங்கைக்குள் இன்னும் வந்து சேராத பூச்சிகள், களைகள், நுளம்புகள், நோய்க்கிருமிகள் ஆகியவற்றுள் எவை வந்தால் நம் உடல்நலமும் வருமானமும் கெடும் என்று நிபுணர்கள் கூடிப் பட்டியல் போடலாம் என்கிறார்களே, வராத ஒன்றைப் பற்றி இப்படிச் சொல்வது அறிவியலா, அல்லது படித்தவர்கள் சொல்லும் குறியா என்பது உங்கள் கேள்வி. கூடவே, மன்னாரில் உங்கள் வீட்டுக் கிணற்றை யாரோ வந்து சோதித்துவிட்டுப் போனதையும், மலேரியா ஒழிந்த நாட்டில் இந்தச் சோதனை எதற்கு என்று உங்கள் அம்மா கேட்டதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. பயிர்ப் பூச்சிகளோடும் தாவரத் தொற்றுத்தடுப்பு வேலையோடும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நுளம்பு என் துறை அன்று. அதைத் துறைக்காரர்களிடம் கேட்டும் அவர்கள் எழுதியதைப் படித்தும் தெரிந்துகொண்டேன். எது வரக்கூடும், எந்த வழியாக வரும் என்பதை ஓரளவு நன்றாகவே சொல்லலாம். எப்போது வரும் என்பதைச் சொல்வது கடினம். வந்தபின் எவ்வளவு கெடுக்கும் என்பதில்தான் நாங்கள் அதிகம் பிழை விடுகிறோம்.

இந்தப் பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்பதற்குச் சைப்பிரஸ் தீவு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பல துறை ஆய்வாளர்கள் சேர்ந்து, தீவில் அப்போது இல்லாத 225 அந்நிய உயிரினங்களை எடுத்துக்கொண்டு, அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அது வந்து சேர வாய்ப்பு எவ்வளவு, வந்தால் நிலைத்துவிட வாய்ப்பு எவ்வளவு, நிலைத்தால் கேடு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டார்கள். பிறகு கூடியிருந்து வாதாடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2019இல் வெளியான அந்த முடிவின்படி, இயற்கைச் சூழலுக்கு நடுத்தரம் முதல் மிக அதிகம் வரை ஆபத்து என்று 100 இனங்கள் தேறின. மனிதரின் உடல்நலத்துக்கு ஏதாவதொரு வகையில் தீங்கு செய்யக்கூடியவை என்று 82 இனங்கள் குறிக்கப்பட்டன. அந்த 82இல் வெறும் தொல்லை தருவதும் உண்டு, நோய் பரப்புவதும் உண்டு. மதிப்பெண்ணை எண்ணில் எழுதுவதால் அது அளந்து பெற்ற எண் ஆகிவிடாது. அனுபவமுள்ளவர்களின் ஊகத்தை ஒழுங்குபடுத்தி, ஒருவர் ஊகத்தை மற்றவர் கேள்வி கேட்க வழிசெய்யும் முறை அது. குறி சொல்பவரிடம் 'ஏன் அப்படிச் சொன்னீர்கள்' என்று கேட்க முடியாது. இங்கே ஒவ்வோர் எண்ணுக்கும் காரணம் எழுதிவைத்தாக வேண்டும்.

இந்த ஊகத்தில் உறுதியான பகுதி ஒன்று உண்டு. ஓர் உயிரினம் இன்னோரிடத்துக்குப் போய் அங்கே கேடு செய்திருக்கிறதா என்பதே, இங்கே கேடு செய்யுமா என்பதற்கு நம்மிடமுள்ள மிகச் சிறந்த அறிகுறி. அதோடு அந்த இடத்தின் காலநிலை நம்முடையதை ஒத்திருந்து, அங்கிருந்து நமக்குச் சரக்கும் ஆட்களும் அடிக்கடி வந்துபோனால், அது வருமா என்ற கேள்வியே மெல்ல எப்போது என்ற கேள்வியாகிவிடும். சேனா படைப்புழு என்று நம் சோளச் செய்கையாளர்கள் சொல்லும் புழுவை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்துக்குரிய அது 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது, 2018 மே மாதத்தில் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது, அதே ஆண்டு முடிவதற்குள் நம் சோளக் குருத்துகளில் இருந்தது. அதன் அந்துப்பூச்சி ஓரிரவில் நெடுந்தூரம் பறக்கக்கூடியது. கர்நாடகச் செய்தி வந்த அன்றே அடுத்தது நாம்தான் என்று சொல்ல நிபுணர் குழு தேவைப்பட்டிருக்காது. பிரித்தானியாவில் 2013இல் நடந்த இதே போன்ற பட்டியலிடலில், வரக்கூடிய இனங்களுள் முதலிடம் குவாக்கா என்ற நன்னீர்ச் சிப்பிக்குக் கிடைத்தது. 2014இல் அது இலண்டனுக்கு மேற்கே ஓர் ஆற்றில் அகப்பட்டது. இதைப் பெரிய வெற்றியாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு வியக்கமாட்டேன். அந்தச் சிப்பி 2006 முதலே கடலுக்கு அந்தப்புறம் நெதர்லாந்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறிய தீ நம் கூரைக்கு வரும் என்று சொன்னது போலத்தான்; ஆனால் அதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

நமக்குப் பக்கத்து வீடு தென்னிந்தியா. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கடல்தான். இதனால் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்ற பேச்சு நம்மிடையே உண்டு; பதிவுகள் அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. தென்னைக் குரும்பையைச் சொரசொரப்பாக்கிச் சிறுக்கவைக்கும் அந்தச் சிலந்திப்பேன் 1997இல் கற்பிட்டியில் முதலில் தெரிந்தது, 1998இல்தான் கேரளத்தில் தெரிந்தது. பப்பாசி மாவுப்பூச்சி கோயம்புத்தூரிலும் நம் மேல் மாகாணத்திலும் ஒரே ஆண்டில், 2008இல், வெளிப்பட்டது. 1869இல் கோப்பி இலைத்துரு என்ற பூஞ்சை நோய் இங்கே வெடித்த சிறிது காலத்தில் தென்னிந்தியத் தோட்டங்களிலும் காணப்பட்டது. ஆக, கதவு இருபுறமும் திறக்கிறது. வேறு நாடுகளிலிருந்து நேரே வந்து சேரும் வழி என, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக மூன்றாவது வாசல் ஒன்றும் இருக்கிறது. முதலில் எங்கே கண்டார்கள் என்பது முதலில் எங்கே வந்தது என்பதற்குச் சமமன்று; எங்கே உன்னிப்பாகப் பார்த்தார்களோ அங்கேதான் முதலில் கண்டிருப்பார்கள். பட்டியல் போடுபவர்கள் இதை மறக்கும்போதெல்லாம் வழி பற்றிய ஊகம் பிசகுகிறது.

கோப்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு தீவின் பொருளாதாரம் எவ்வாறு சாய்கிறது என்பதற்கு நம் சொந்த வரலாற்றில் அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. நோய் கண்ட இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி அப்பியிருக்கும். விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் காற்றிலும் மழைச்சாரலிலும் போகும் ஒரு வித்து. மலைச்சரிவு முழுவதும் ஒரே செடியை நெருக்கி நட்டிருந்ததால் அது எங்கே விழுந்தாலும் கோப்பி இலைமேல்தான் விழுந்தது. இளம் ஆய்வாளராக இருந்த மார்ஷல் வார்டு 1880 முதல் 1882 வரை இங்கே தங்கி அதன் வாழ்க்கைச் சுற்றை விளக்கினார். விளக்கம் சரியாக இருந்தது, ஆனால் தோட்டங்களைக் காப்பாற்றும் நிலை கடந்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்ததில் இலங்கைக் கோப்பிக்குக் கொடுத்த கடன்களுக்கும் பங்குண்டு. கோப்பிக் காட்டுக்கு வந்திருந்த தமிழ்த் தொழிலாளரின் பிழைப்பும் அந்த இலையோடு சேர்ந்தே உதிர்ந்தது. எந்தத் துரு வரும் என்று 1860களில் எவராலும் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பூஞ்சைக்கு அப்போது பெயர்கூட இல்லை. ஆனால் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதியை ஒரே செடியிடம் ஒப்படைத்த தீவில், எது வந்தாலும் அது பொருளாதார நோயாகிவிடும் என்பதைச் சொல்லியிருக்கலாம். என் அனுபவத்தில் வரும் உயிரினத்தை ஆராய்வதில் செலவிடும் உழைப்பில் பாதியையாவது வரவேற்கும் வீட்டை ஆராய்வதில் செலவிட்டால் ஊகம் மேம்படுகிறது.

இதே நியாயத்தை இறப்பருக்கும் பொருத்தலாம். 1876இல் அமேசான் காட்டிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் நாற்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. விதைகள் கடல் கடந்தன. அந்த மரத்தைத் தாய்நாட்டில் வாட்டும் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் கடல் கடக்கவில்லை. ஆசிய இறப்பர்த் தொழில் முழுவதும் மரமும் நோயும் அப்படிப் பிரிந்துபோனதன்மேல் நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது. இந்த நோய் வர வாய்ப்பு குறைவு. வந்தால் அழிவு மிகப் பெரிது. வாய்ப்பையும் கேட்டையும் பெருக்கி ஒரே மதிப்பெண்ணாக்கும் முறை இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது: அடிக்கடி வரக்கூடிய சில்லறைத் தொல்லையும், ஒருமுறை வந்தால் ஒரு தொழிலையே முடித்துவிடும் நோயும் பெருக்கலில் ஏறக்குறைய ஒரே எண்ணைப் பெற்றுவிடலாம். அவை இரண்டையும் ஒரே வரிசையில் வைப்பதை நான் ஏற்பதில்லை.

அடுத்து, முறை எங்கே தோற்கிறது என்பது. பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவுக்கு, இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், இராணுவச் சரக்கோடு ஒரு பழுப்பு நிற மரப்பாம்பு வந்தது. சொந்த ஊரில் அது யாரும் பொருட்படுத்தாத ஓர் இரவுப் பாம்பு. அன்றைக்கு நம் மதிப்பெண் முறை இருந்திருந்தாலும் அதற்குப் பெரிய எண் கிடைத்திருக்காது. தீவின் காட்டுப் பறவை இனங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனபோது பூச்சிகொல்லியோ நோயோ காரணமாக இருக்கலாம் என்றெல்லாம் தேடினார்கள். பாம்புதான் காரணம் என்று ஜூலி சாவிஜ் என்ற ஆய்வாளர் நிறுவியது 1987இல். அதற்குள் அங்கிருந்த 12 உள்ளூர்க் காட்டுப் பறவைகளில் 10 இனங்கள் காட்டிலிருந்து இல்லாமற்போயின. மின்கம்பத்தில் ஏறும் பழக்கத்தால் அது மீண்டும் மீண்டும் மின்தடையை உண்டாக்கியது, உறங்கும் குழந்தைகளைக் கடித்தது, பறவைகள் போனபின் காட்டில் சிலந்திகள் பெருகின. ஒரு பாம்பு மின்சார சபையின் செலவாக மாறும் என்பதை எந்த விலங்கியல் நூலிலிருந்து ஊகித்திருப்பீர்கள்? அதே பாம்பு ஹவாய்க்குப் போனால் என்ன ஆகும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் குவாமிலிருந்து புறப்படும் சரக்கை நாய்களைக் கொண்டு மோப்பம் பிடித்துப் பார்க்கிறார்கள். முதல் தீவு விலை கொடுத்து வாங்கிய அறிவை இரண்டாவது தீவு இலவசமாகப் பயன்படுத்துகிறது.

அப்படியானால் முதல் தீவாக நாமே அமைந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு? சிறிதன்று. 2000க்கும் 2005க்கும் இடையே உலகெங்கும் புதிதாகப் பதிவான அந்நிய உயிரினங்களை ஆராய்ந்தபோது, நான்கில் ஒரு பங்கு அதற்கு முன் எங்குமே அந்நியமாகப் பதிவாகாதவை என்று தெரியவந்தது. பிற இடங்களில் கேடு செய்தவற்றை வைத்துப் போடும் எந்தப் பட்டியலிலும் இவை இடம்பெற்றிருக்க முடியாது. இன்னொரு சிக்கல் தாமதம். சில களைகள் வந்து பல பத்தாண்டுகள் ஓர் ஓரத்தில் கிடந்துவிட்டுத் திடீரென்று பரவும். அவற்றை நாங்கள் ஆபத்தில்லாதவை என்று எழுதிவைத்திருப்போம்.

பெயரைப் பிழையாக அறிவதும் ஊகத்தைக் கவிழ்க்கும். நம் குளங்களையும் வயல்களையும் மூடிய சல்வீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் கற்பிப்பதற்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிய செடி. 1972 வரை அதை நெருங்கிய இன்னோர் இனமாகவே கருதிவந்தார்கள். அதனால் அதன் எதிரிப் பூச்சியையும் தவறான செடியில் தேடினார்கள். சரியான தாயகம் பிரேசிலின் தென்கிழக்கு என்று தெரிந்தபின்தான், மொட்டைத் தின்று தண்டைக் குடையும் சிறிய கூன்வண்டு கிடைத்தது. 1986இல் அது இலங்கைக்கு வந்தது. செலவிட்ட ஒரு ரூபாய்க்கு 53 ரூபாய் பயன் என்று 1989இல் ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. அந்தப் பெருக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணில் வியப்பு வராது. ஆனாலும் இத்தகைய பணக் கணக்குகளை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். நெல்லில் குறைந்த விளைச்சலை எண்ணலாம். தண்ணீரில் செடி அடர்ந்து மீன் பிடிக்க முடியாமற்போனவரின் நாட்களை எப்படி எண்ணுவது? பார்த்தீனியம் பிடுங்கிய கையில் வரும் சொறிக்கு மருந்துக்கடையில் கொடுத்த காசு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. வவுனியாவில் 1999இல் பதிவான அந்தக் களை இந்திய அமைதிப்படைக்காக வந்த ஆடுகளோடு வந்தது என்று பேசப்படுகிறது. அது நம்பத்தகுந்த ஊகம், நிறுவப்பட்ட செய்தி அன்று. நான் அறிந்தவரை, தீவுகளுக்கான மதிப்பீடுகளில் உடல்நலப் பகுதி எப்போதும் குறைத்தே மதிப்பிடப்படுகிறது, காரணம் அந்தச் செலவு வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

பட்டியலை நம்பிப் பணம் செலவிடலாமா என்பதற்கு ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆயிரம் செடிகள் இறக்குமதிக்கு விண்ணப்பத்தில் இருக்கின்றன. அவற்றுள் உண்மையில் கேடு செய்யப்போவது 20 என்று வைத்துக்கொள்வோம். நம் சோதனை கெட்டதைப் பத்தில் ஒன்பது முறை பிடிக்கும், நல்லதையும் பத்தில் ஒரு முறை கெட்டது என்று ஒதுக்கிவிடும். பிடிபடும் கெட்டவை 18. தவறாக ஒதுக்கப்படும் நல்லவை 98. மொத்தம் ஒதுக்கிய 116இல் 18 மட்டுமே உண்மையான எதிரிகள். நாற்றுப்பண்ணைக்காரர் வந்து, 'ஐயா, நீங்கள் தடுத்ததில் முக்கால்வாசிக்கு மேல் அப்பாவிச் செடிகள்' என்று சண்டை பிடித்தால் அவர் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் ஓர் அழகுச்செடியை இழப்பதால் வரும் நட்டமும், இன்னொரு ஆகாயத்தாமரையை உள்ளே விடுவதால் வரும் நட்டமும் ஒரே அளவில்லை. அந்தச் செடி இங்கே அழகுக்காகத்தான் வந்தது. சில ஆண்டுகளுக்குள், 1909இல், அதற்கென்றே ஒரு கட்டளைச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆகவே 98 தவறுகளை ஏற்றுக்கொள்வது என் தெரிவு. அறிவியல் அந்த 98ஐயும் 18ஐயும் எண்ணித் தரும். எதைத் தாங்கிக்கொள்வது என்பதைச் சமூகம்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி உங்கள் கிணற்றுக்கு வருகிறேன். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது எனச் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், அதாவது சான்றிதழின் மை காயும் முன்பே, மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. நம் பழைய மலேரியா நுளம்பு பெரும்பாலும் ஆற்றுப்படுகைக் குட்டைகளை நாடும் நாட்டுப்புற நுளம்பு. இது அப்படியன்று. கிணறு, சீமெந்துத் தொட்டி, மாடித் தண்ணீர்த் தாங்கி என்று மனிதர் நீர் சேமிக்கும் இடமெல்லாம் அதற்குப் போதும். சென்னையில் மலேரியா நெடுங்காலம் நீடித்ததற்கு இதுதான் காரணம். பிற்பாடு இந்த நுளம்பு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இதன் பழைய வரலாற்றைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை: ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் 2012இல் இந்த நுளம்பு தென்பட்டது, அந்த ஆண்டு அங்கே மலேரியா நோயாளிகள் 27 பேர், 2020இல் 73,000க்கும் மேல். முழுப் பெருக்கத்துக்கும் இந்த நுளம்பே காரணம் என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து வந்தவர்கள், மருந்துக்கு அடங்காத கிருமி போன்ற பிற காரணங்களும் பேசப்படுகின்றன. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த நுளம்பு ஆப்பிரிக்க நகரங்களில் பரவினால் மேலும் 12 கோடியே 60 இலட்சம் பேர் ஆபத்துக்குள் வருவார்கள் என்று கணித்தது.

மன்னாரில் ஜிபூட்டி நிகழுமா? நுளம்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, இந்தியாவோடும் ஆப்பிரிக்காவோடும் போக்குவரத்து இருக்கிறது, கிருமி இல்லை. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு திரும்பும் ஒருவரின் இரத்தம் எவ்வளவு விரைவில் சோதிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பதில் இருக்கிறது. இதில் நான் மெச்சுவது ஒன்றுண்டு: நோய் ஒழிந்து நான்கு ஆண்டுகளான பின்பும் மலேரியாத் தடை இயக்கத்தினர் நுளம்பு தேடும் வேலையை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் 2016இல் எவருக்கும் தெரிந்திருக்காது, உங்கள் கிணற்றில் எவரும் எட்டிப் பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

உங்கள் அம்மாவிடம் இதைச் செய்துபார்க்கச் சொல்லலாம். வெள்ளைக் கோப்பையொன்றில் கிணற்றுத் தண்ணீரை, வாளியைச் சாய்த்து மேல்நீரை மட்டும் மெல்ல எடுத்து ஊற்றி, ஒரு நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். வீட்டில் வழக்கமாகக் காணும் நுளம்பின் குடம்பி வால்பக்கக் குழாயை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பிக்கு அந்தக் குழாய் இல்லை. அது நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும், விரல் நிழல் பட்டால் பக்கவாட்டில் விலகும். எல்லா அனோபிலிஸும் ஸ்டீபென்சி அல்ல, வெறும் கண்ணால் பிரித்தறியவும் முடியாது. கிடையாகக் கிடப்பது ஒன்று தெரிந்தாலும் கிணற்றில் எதையும் ஊற்றாமல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். மீன் விடுவதா மருந்திடுவதா என்பதை அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள்.